சராசரி மட்டும் போதாது

புறநோயாளர் பிரிவுப் பலகையில் ‘சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம்’ என்று எழுதினால் மட்டும் போதாது என்பதே எங்கள் கருத்து. காத்திருப்பு நேரம் அடுக்குக்குறிப் பரவலின்படி அமைந்தால், நூற்றில் ஏறத்தாழ 37 பேர் அதற்கு மேலும் காத்திருப்பர்; ஐவர் ஒரு மணி நேரத்தையும் கடப்பர். அப்பரவலுக்கு நினைவாற்றல் இல்லை. ஏற்கெனவே 20 நிமிடம் அமர்ந்திருந்தவருக்கும் இனி எதிர்பார்க்கத்தக்க சராசரி அதே 20 நிமிடந்தான். ‘இதோ, அழைத்துவிடுவார்கள்’ என்னும் ஆறுதல் அன்பினால் எழுவது. ஆயினும் கணக்குக்கு ஒவ்வாதது. (எப்போதும் ஒரே அளவு நேரம் எடுக்கும் பரிசோதனைக் கருவிக்கு இது பொருந்தாது.) சராசரியை நம்பியே நீரிழிவு நோயாளர் உணவைத் தள்ளிப்போடுகின்றனர். ‘இருபதில் பத்தொன்பது பேர் ஒரு மணி நேரத்திற்குள் அழைக்கப்படுவர்’ என்பதுபோன்ற வரியையும் பலகையில் சேர்க்க வேண்டுகிறோம். அதுவரை, இன்சுலின் போட்டுக்கொள்வோர் சிற்றுண்டியை உடன் கொண்டுவருக.