மரணம் ஒன்றா, இரண்டா?

கன்னியாகுமரி ஜில்லாவில் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே கடலை நம்பி வாழும் ஊர் இனயம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்தக் கரையோரத்தைத் தாக்கியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. பலருடைய பிரேதமும் கரை சேரவில்லை. காணாமற் போனவரை மாண்டவராகக் கொள்வதற்குச் சாட்சியச் சட்டம் 7 ஆண்டு கேட்கிறது. சர்க்கார் அந்த விதியைத் தளர்த்தி நிவாரணம் அளித்தது. ஆயினும், காகிதத்தில் எழுதிய மரணத்தை மனம் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

பிரேதம் காணாத மரணத்தையே ஏற்கத் தயங்கும் மக்களிடம், இதயம் துடிப்பதும் மார்பு ஏறி இறங்குவதும் கை சுடுவதுமான ஓர் உடலைக் காட்டி, "இவர் இறந்துவிட்டார்" என்று சொன்னால் என்ன ஆகும்? தீவிர சிகிச்சை வார்டுகளில் இது நிகழ்கிறது. டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு படுக்கையருகே நிற்பவர் நர்ஸ்தான். அந்த ஊர்க் கிழவி அவரை "மக்களே" என்று அழைத்து, "கை சுடுகிறதே, உயிர் இருக்கிறதல்லவா?" என்று கேட்பாள். நர்ஸ் என்ன பதில் சொல்வார் என்பது அவர் உள்ளத்தில் எதை நம்புகிறார் என்பதைப் பொறுத்தது. அந்த நம்பிக்கையை இதுவரை யார் விசாரித்தார்கள்?

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். மூளைத்தண்டு முற்றிலும் அழிந்துவிட்டால் ஸ்மரணையும் சுயமான சுவாசமும் ஒருபோதும் திரும்பா. சுவாச யந்திரம் காற்றைச் செலுத்தும் வரையில் இதயம் சில காலம் துடிக்கும். 1968-ல் ஹார்வர்டு சர்வகலாசாலைக் குழு இந்நிலையை மரணமாகக் கொள்ளலாம் என்றது. நமது தேசத்தில் 1994-ம் வருஷத்து மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இதை ஏற்றது. நான்கு டாக்டர்கள் அடங்கிய குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அச்சோதனைகளில் முக்கியமானது, யந்திரத்தை நீக்கி, குழாய் வழியே பிராணவாயு மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் மார்பு தானாக அசைகிறதா என்று பார்ப்பது.

இவ்வளவும் அறிந்த நர்ஸுக்கும் சந்தேகம் எழக் காரணம் உண்டு. இறந்தவர் என்று எழுதப்பட்டவருக்கு அவர் ரத்த அழுத்தம் பார்க்கிறார், மருந்து ஏற்றுகிறார், உடலைப் புரட்டித் துடைக்கிறார். முதுகுத்தண்டின் அனிச்சைச் செயலால் சில வேளைகளில் கை அசைவதையும் காண்கிறார். அது உயிரின் அறிகுறியன்று என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் நள்ளிரவில் தனியாக நிற்பவருக்குப் புத்தகம் மட்டும் போதாது. 1989-ல் அமெரிக்காவில், உறுப்பு தானப் பணியில் ஈடுபடக்கூடிய டாக்டர்களும் நர்ஸுகளுமாக 195 பேரை வினவினார்கள். மரணத்தை நிர்ணயிக்கும் சட்ட, வைத்திய விதிகளைச் சரியாகச் சொன்னவர்கள் 100-க்கு 35 பேரே. செல்வமும் சாதனமும் மிகுந்த தேசத்தின் கதி இது. நமது நர்ஸுகளை மட்டும் அறியாதவர்கள் என்று பழிப்பது நியாயமாகாது.

மத நம்பிக்கையே தடை என்று கூறுவாருளர். அவர்கள் அவசரப்படுகிறார்கள். இனயம் கரையோரத்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுடைய சபையின் தலைவரான பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், மூளையின் செயல் முழுதும் மீளாமல் நின்றுவிடுவதை மரணத்தின் அடையாளமாகக் கொள்வது சமய போதனைக்கு முரணன்று என்று 2000 ஆகஸ்டில் ரோமாபுரியில் கூறினார். ஆகவே குழப்பத்தின் வேர் கோயிலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

மூளைத்தண்டு மரணத்தை நமது சட்டம் உறுப்பு மாற்றின் பொருட்டு மட்டுமே விளக்குகிறது. 1969-ம் வருஷத்து ஜனன மரணப் பதிவுச் சட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை. அதனால் விளைவது என்ன? பந்துக்கள் தானத்துக்குச் சம்மதித்தால் அவர் இறந்தவர். மறுத்தால், பல ஆஸ்பத்திரிகளில் இதயம் நிற்கும் வரை அதே உடலுக்கு யந்திரம் ஓடுகிறது. ஒரே படுக்கையில் இரண்டு தீர்ப்பு! இதை நேரிற் காணும் நர்ஸ், "இது உறுப்புக்காகச் சொல்லப்படும் மரணமோ?" என்று ஐயுறுவது அவர் குற்றமா?

இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசினால் தானம் குன்றும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதிகள், விபத்தில் மூளைச் சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழ்நாடே விழித்தது. வைத்தியம் அறிந்த பெற்றோர், இறந்தது இறந்ததே என்று தெளிந்து கொடுத்தார்கள். அந்தத் தெளிவுதான் தானத்தின் அஸ்திவாரம். 2023 முதல் உறுப்பு தானம் செய்தோருக்கு அரசு மரியாதை அளிக்கப்படுகிறது; மெத்தச் சரி. படுக்கையருகே நிற்பவரின் மனச்சாட்சிக்கும் அந்த மரியாதையில் பங்கு வேண்டும்.

எனவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, மூளை மரணம் தானத்துக்குச் சம்மதம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மரணமே என்று சட்டம் ஐயமற உரைக்க வேண்டும். உறுப்பு தானத்தோடு முடிச்சுப் போடாமல் மூளை மரணத்தை உறுதி செய்ய, 2020-ல் கேரள சர்க்கார் விதிமுறை வகுத்து வழி காட்டியிருக்கிறது. இரண்டாவது, அச்சோதனை நடக்கும்போது நர்ஸும் உடனிருந்து கண்ணாரக் காணவும், கேள்வி கேட்கவும் இடமளிக்க வேண்டும். மூன்றாவது, இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பாத நர்ஸை இகழாமலும் தண்டியாமலும் அந்த வேலையிலிருந்து விலக அனுமதிக்க வேண்டும்.

உத்தரவு போட்டு ஒருவர் வாயை அடக்கலாம். நம்பிக்கையை உண்டாக்க முடியாது. கிழவியின் கேள்விக்கு நர்ஸ் கலங்காமல், உண்மையென்று தாம் நம்பும் பதிலைச் சொல்லும் நாள் வரட்டும். அதற்கு வேண்டியதைச் செய்வது சர்க்காரின் கடமை. செய்யும்படி கேட்பது நமது கடமை.