துணி போர்த்திய கணினிகள்



கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமமொன்றில் ஓர் அக்கா சிறிய தனியார் கல்வி நிலையம் நடத்தி வருகிறார். 2009 இல் கணவரை இழந்தவர். தகரக் கொட்டகையில் தொடங்கியது, இன்று மூன்று அறைகள், அறுபது பிள்ளைகள். தாய்மாரில் பலர் தனித்து நின்று குடும்பம் பார்ப்பவர்கள். மாதக் கட்டணத்தையே இரண்டு தடவையாகத்தான் கட்டுகிறார்கள்.

2017 இல் அங்கு ஆறு பழைய மேசைக் கணினிகள் கிடைத்தன. திட்ட முன்மொழிவை எழுதியவள் நானே. திறப்பு விழா, மாலை, படம் எல்லாம் நடந்தன. மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. சமூகவியல் படித்த நானும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் நான்கு பழுதாகின. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது மிகுதி இரண்டுக்கும் துணி போர்த்தியாயிற்று.

இப்போது வேறொரு நிறுவனம் பத்துக் கணினி தர முன்வந்துள்ளது. “தங்கச்சி, வேண்டாமெண்டு சொல்லட்டோ?” என்று அக்கா கேட்டார்.

தாய்மாரையும் அழைத்துக் கொப்பியும் பேனையுமாக இருந்தோம். எதற்காகக் கணினி? சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்கும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளப் பாடங்களைப் பார்ப்பதற்கும். அதற்குப் பத்து எதற்கு? மாறி மாறிப் பாவித்தால் மூன்று மடிக்கணினி போதும். மேசைக் கணினியைவிட மின்சாரம் குறைவாகவே எடுக்கும், மின்சாரம் நின்றாலும் பற்றரியில் சிறிது நேரம் ஓடும்.

தருவது எத்தகைய கணினி என்பதையும் கேட்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் பொதுவாக 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றில் இலவசமான லினக்ஸைப் போடலாம், தமிழும் வேலை செய்யும். ஆனால் போட்டுத் தரவும் பிறகு வந்து பார்க்கவும் ஒருவர் வேண்டுமே.

காசுக் கதையில்தான் நேரம் போனது. பிள்ளைக்கு மாதம் 100 ரூபா என்றதும் ஒரு தாய் எழுந்தார். “எனக்கு மூண்டு பிள்ளையள். முந்நூறு ரூபா எண்டால் ரெண்டு நாள் பாண் காசு.” எவரும் பேசவில்லை. பிறகு பிள்ளைக்கு அல்ல, குடும்பத்துக்கு 100 என்று முடிவானது. 42 குடும்பம், மாதம் 4,200 ரூபா. மின்சாரம், இணையம் போக மிகுதி திருத்த வேலைக்கும் புதிய பற்றரிக்கும். கணக்கு இரண்டு தாய்மாரின் கையொப்பத்தில்.

மூன்று மடிக்கணினியும் ஒரு வருடத் திருத்தச் செலவும் கேட்டுக் கடிதம் எழுதினோம். திருத்தச் செலவுக்குத் தங்கள் திட்டத்தில் இடமில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். 2017 இல் நான் எழுதிய முன்மொழிவிலும் அந்த வரி இருக்கவில்லை. அதையே சொல்லி மறுபடியும் எழுதியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

முதல் மாதம் 3,800 ரூபா சேர்ந்திருக்கிறது. நான்கு குடும்பம் நெல் வெட்டு முடியத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.