மரக்காணத்து வரப்புகளில் எழுதியிருப்பது

கோடையில் மரக்காணம் உப்பளத்துக்குச் செல்வோர் வெள்ளை உப்புக் குவியலைத்தான் பார்க்கிறார்கள். நம் துறையினர் பார்க்க வேண்டியது வரப்பு. பாத்திக்குள் ஒரு செடியும் இல்லை. அதன் கரையில் உமரி சிவந்து கிடக்கும். இன்னும் சற்று ஏறினால் சீமைக்கருவேல். பக்கிங்காம் கால்வாயில் அலைநீர் ஏறி இறங்கும் ஓரங்களில்தான் வெண்கண்டல் நிற்கும். ஓரிரு அடி உயர வேறுபாட்டில் மண்ணின் உப்பும் நீர் தேங்கும் காலமும் எவ்வளவு மாறுகின்றன என்பதை இந்த வரிசையே சொல்லிவிடும்.

இந்த வரிசை நிலையாக நிற்பதில்லை. உமரி உப்பை இலைச் செல்லின் நுண்குமிழிகளில் அடைத்து வைத்து வாழ்கிறது. ஆனால் அதன் விதை முளைக்க உப்பு தணிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணைக் கழுவும்போது முளைக்கிறது. கோடையில் உப்பு மேலே ஏறும்போது சிவந்து வாடுகிறது. எனவே, ஜனவரியில் கணக்கெடுப்பவர் உமரி பரவுகிறது என்று எழுதுவார். ஜூனில் வருபவர் அழிகிறது என்று எழுதுவார். இரண்டு அறிக்கைகளுமே கண்டதைத்தான் சொல்கின்றன. இரண்டையும் வைத்து ஒரு போக்கைச் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்து உப்பளங்களை மூழ்கடித்தது. அப்படி ஒரு வெள்ளம் எதை அழித்தது, எதை முளைக்க வைத்தது என்பதைச் சொல்ல, புயலுக்கு முன்பே அளந்து வைத்த நிலம் வேண்டும்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் உண்டு. மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய இடங்களில் மீட்புப் பணி என்றாலே சீமைக்கருவேலை அகற்றுவதும் கண்டல் நடுவதும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. சீமைக்கருவேல் அகல வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அடிக்கட்டையை விட்டால் அது தழைக்கும். மண்ணில் விதை கிடக்கும். ஆடுமாடுகள் காயைத் தின்று சாணத்தில் மீண்டும் விதைக்கும். இயந்திரத்தால் வேரோடு பிடுங்கினால் வரப்பு உடைவதோடு உவர் அடிமண்ணும் மேலே வருகிறது. பிடுங்கிய இடத்தில் அடுத்து எது முளைக்கும் என்று பாராமல் விடுவது பாதி வேலை. கண்டலுக்கோ, அலைநீர் வந்து போகாத இடத்தில் நட்டால் பயனில்லை. திறந்த சேற்றுவெளியில் நட்டு அது பிழைத்தாலும் நட்டம்தான். உள்ளான்கள் இரை தேடும் இடம் போய்விடும். உமரி மண்டிய உவர்நிலத்தை வெற்று நிலமாக எண்ணி அங்கே கன்று நடுவதை இவ்விதழ் ஏற்கவில்லை.

உப்பை விட்டு மேட்டுக்கு ஏறினாலும், தொடர்ந்து அளந்து வைத்த நிலம் இல்லை என்ற இதே குறைதான். மரக்காணம் காப்புக்காட்டின் காயாவும் வீரையும் ஆண்டின் பாதியை மழையின்றிக் கழித்தும் இலை உதிர்ப்பதில்லை. வெட்டினால் அடியிலிருந்து தழைக்கின்றன. வனவியலாளர் சாம்பியன் 1936இல் இத்தகைய காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்தினார். இதுதான் இந்தத் தட்பவெப்பத்தின் முதிர்நிலைக் காடா என்ற கேள்வியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மெஹர்-ஹோம்ஜி எழுப்பினார். வெட்டும் மேய்ச்சலும் நின்றால் இந்தப் புதர்கள் எதை நோக்கி வளரும் என்பதை வாதத்தால் முடிக்க இயலாது. ஒரே இடத்தைப் பல்லாண்டு அளந்தவர்தான் விடை சொல்ல முடியும்.

ஆகவே உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். கழுவேலியிலோ உப்பளத்திலோ பணிபுரிவோர் நிலையான அளவுச் சதுரங்களை அடையாளமிட்டு, மழை ஓய்ந்ததும் ஒருமுறை, கோடை முடிவில் ஒருமுறை, செடிகளோடு மண்ணின் உப்பையும் தரையின் உயரத்தையும் குறித்து வாருங்கள். பட்டுப்போன நடவுகளின் விவரத்தையும் மறைக்காமல் அனுப்புங்கள். வெற்றி பெற்றவற்றுக்குத் தரும் இடத்தையே அவற்றுக்கும் தருவோம்.