சோர்வுக்கும் விடுப்பு வேண்டும்: ஆஷா பணியாளர்களின் கோரிக்கை மனு

பெறுநர்: மாநிலத் திட்ட இயக்குநர், தேசிய நலவாழ்வுத் திட்டம், திருவனந்தபுரம்
வழி: மாவட்ட மருத்துவ அலுவலர் (சுகாதாரம்), திருவனந்தபுரம்
நகல்: தலைவர், காஞ்சிரங்குளம் கிராம ஊராட்சி
அனுப்புநர்: காஞ்சிரங்குளம் வட்டாரத்து ஆஷா பணியாளர்கள், சங்கத்தின் வாயிலாக
நாள்: 5-1-2026

பொருள்: ஆஷா பணியாளர்களுக்குத் தொகை குறையாத நோய் விடுப்பு, பணிச்சோர்வையும் அதற்குரிய காரணமாக ஏற்றல், விடுப்பு நாளில் மாற்றுப் பணியாளர் அமர்த்துதல் தொடர்பாக.



இம்மனு தமிழில் இருப்பதைப் பற்றி முதலில் ஒரு சொல். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் காஞ்சிரங்குளம் இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இங்குள்ள வீடுகளின் தமிழும் அதனோடு நின்றது. குறைதீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசமைப்பின் 350-ஆம் உறுப்பு. ஆனாலும் கோப்பு மேசையில் தங்கிவிடக் கூடாதே என்று மலையாள மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறோம். நாங்கள் கேட்பது ஒன்றே: காய்ச்சலில் கிடக்கும் நாளிலும், வேலைப்பளுவால் உடல் ஓய்ந்துபோய் எழ முடியாத நாளிலும், ஓர் ஆஷா பணியாளர் காசு இழக்காமல், பழி சுமக்காமல், வீட்டில் படுத்திருக்க வழி செய்ய வேண்டும்.

தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் 2005 ஏப்ரலில் தொடங்கியபோது ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்று கணக்கிட்டார்கள். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு அனுப்புவது, குழந்தைக்குத் தடுப்பூசி போடவைப்பது என்று தன் வீட்டு வேலைக்கு நடுவே ஒரு பெண் செய்துவிடக்கூடிய சேவையாக அன்று அது எண்ணப்பட்டது. இருபது ஆண்டில் அதன்மேல் என்னென்ன ஏறின என்பதைத் தங்கள் அலுவலகச் சுற்றறிக்கைகளே சொல்லும். காசநோயாளிக்கு மாத்திரை, படுக்கையில் கிடப்போருக்குப் பாலியேட்டிவ் வருகை, கிணற்றில் குளோரின், கொசுப்புழுத் தேடல், முப்பது வயது கடந்தவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தப் படிவம், 2022 முதல் அதையே கைபேசியில் பதிய ‘ஷைலி’ செயலி. புதியது வந்தபோதெல்லாம் பழையது கூடவே இருந்தது, கழிந்ததில்லை. கேரளத்தில் கோவிட் சமூகப் பரவல் என்று முதலமைச்சர் முதன்முதலில் அறிவித்தது 2020 ஜூலை 17-இல், பூந்துறையிலும் எங்களுக்கு அடுத்திருக்கும் புல்லுவிளையிலும். 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையில் காலரா. அதே மழைக்காலத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பயம், அதியன்னூர்ப் பக்கத்துக் குளத்தைச் சுற்றி. ஒவ்வொரு முறையும் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் யார் என்று துறைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் வழக்கமான வேலை நின்றுவிடவும் இல்லை. குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன.

இத்தனையும் செய்பவருக்கு விடுப்பு என்று ஒன்று ஏன் இல்லை? எவரோ கல்மனதாக மறுத்துவிட்டார்கள் என்பதில்லை. தொகை தரப்படும் முறையே அப்படி அமைந்திருக்கிறது. மாநிலம் தரும் மதிப்பூதியம் ஒரு பக்கம். ஒன்றிய அரசின் ஊக்கத்தொகை மறுபக்கம். ஊக்கத்தொகை என்பது செய்த வேலைக்கு எண்ணித் தரும் காசு. ஊட்டச்சத்து நாளுக்கு ஆள் திரட்ட 200 ரூபாய், மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு 150, பிறந்த குழந்தை வீட்டுக்கு நாற்பத்திரண்டு நாளில் ஆறு முறை போய்வர மொத்தம் 250 என்று 2018-இல் வகுத்த பட்டியல் அது. நிலையான பகுதி 2,000-இலிருந்து 3,500 ஆக உயர்ந்ததைச் சென்ற ஆண்டு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது, மகிழ்ச்சி. ஆனால் கணக்கின் வேர் மாறவில்லை. படுத்தால் அந்த நாளின் வேலை நிற்கும். வேலை நின்றால் அதற்குரிய காசும் நிற்கும். ஆகவே படுப்பதில்லை. இதே கேரளத்தின் 1960-ஆம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம், நெய்யாற்றின்கரைத் துணிக்கடையில் சேலை விரிக்கும் பெண்ணுக்கு ஆண்டில் 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது. 2018-இல் அச்சட்டத்தைத் திருத்தி, நாள் முழுதும் நிற்கும் விற்பனைப் பெண்களுக்கு உட்காரும் உரிமையையும் தந்தது இம்மாநிலம். நாட்டுக்கே அது முன்மாதிரி. உட்கார உரிமை தந்த அரசிடம்தான் படுக்க உரிமை கேட்கிறோம்.

சோர்வு ஒரு நோயா என்ற கேள்வி எழும் என்று அறிவோம். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பகுப்புப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, அது நோயல்ல, தொழில்சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. எங்கள் கோரிக்கைக்கு எதிராக இந்த வரியை எடுத்துக்காட்டலாம். எங்களுக்கோ இதைவிடப் பொருத்தமான வரி வேறில்லை. ஆள் ஓய்ந்துபோவதற்குக் காரணம் அவர் உடலில் இல்லை, வேலை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். காரணம் வேலையில் என்றால், பரிகாரமும் வேலை தருபவர் கையில். அந்நிலையைக் கவனிக்காமல் விட்டால் அது நோயாகவே முடியும் என்பதற்கும் சான்று உண்டு. உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைக் காட்டிலும் பக்கவாத வாய்ப்பு 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என்றது. 2016-ஆம் ஆண்டில் மட்டும் நெடுநேர உழைப்போடு தொடர்புடைய இறப்புகள் 7,45,000. ஆஷாக்களின் வாரம் எத்தனை மணி என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அந்தக் கணக்குக்குப் பின்னால் வருகிறோம்.

அதற்குமுன், இது எங்கள் உடம்பைப் பற்றிய முறையீடு மட்டுமல்ல என்பதைக் காட்ட ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறோம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, குழந்தையைத் துணித்தொட்டிலில் வைத்துத் தராசில் தூக்க வேண்டும். முள் அசைவது நிற்கும்வரை கை ஆடக் கூடாது. பிறகு வெப்பமானி. பிறகு குழந்தை அழாமல் கிடக்கும் நேரம் பார்த்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டித்துக்கொள்வது ஆகாது, பச்சிளங் குழந்தையின் மூச்சு சீராக இராது. எண்ணிக்கை 60-ஐத் தொட்டால் மீண்டும் எண்ண வேண்டும். மறுபடியும் அப்படியே இருந்தால் அந்த நேரமே மருத்துவமனை. ஐம்பத்தைந்தா அறுபத்திரண்டா என்பதுதான் இங்கே வேறுபாடு. முந்தின நாள் இரவு ஒன்பது வரை செயலியில் படிவம் ஏற்றிவிட்டு, காலையில் நாலு பாலியேட்டிவ் வீடு முடித்துவிட்டு, உச்சி வெயிலில் அந்த வாசலில் ஏறும் கண்ணை நம்பித்தான் இந்த எண்ணிக்கை நடக்கிறது. அயர்ந்த கண் தவறவிடும் நாளில் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆஷா, அவருக்கு மேலே ஜே.பி.எச்.என். (இளநிலைப் பொது நலவாழ்வுச் செவிலியர்) சிஸ்டர், அவருக்கு மேலே மருத்துவ அலுவலர்.

மறுப்புகளில் முதலாவது எங்களுக்கு மனப்பாடம்: ஆஷாக்கள் தன்னார்வலர்கள், தன்னார்வலருக்கு ஏது விடுப்பு? தன்னார்வலர் என்றால் வராத நாளுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக் கூட்டம் தவறினால் ஏன் என்று கேட்பாரும் இல்லை. நடப்பு அப்படி இருக்கிறதா? மதிப்பூதியம் பெறப் பத்து நிபந்தனைகள் இருந்தன, 2025 மார்ச்சில்தான் அவை விலகின. நிபந்தனை வைக்கும்போது பணியாளர், விடுப்பு கேட்கும்போது தன்னார்வலர் என்பது ஒரே நாவில் இரண்டு பேச்சு. உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25-ஆம் நாள் குஜராத் அங்கன்வாடிப் பணியாளர் வழக்கில், மதிப்பூதியம் என்ற பெயரைக் காரணம் காட்டிப் பணிக்கொடையை மறுக்க முடியாது என்றது. அத்தீர்ப்பு எங்களை நேரடியாகக் கட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பெயரைத் தாண்டி வேலையைப் பார்க்க வேண்டும் என்ற அதன் நியாயம் எங்களுக்கும் பொருந்தும். 2013-இல் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்கப் பரிந்துரைத்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, சமூக நலவாழ்வுப் பணியாளருக்கு எழுத்துவழி ஒப்பந்தம் வேண்டும், வேலைக்கு எண்ணித் தரும் ஊக்கத்தொகையையே பெரும்பகுதியாக வைத்து ஊதியம் அமையக் கூடாது என்கிறது. அதே நிறுவனம் 2022 மே மாதம் நாட்டின் ஆஷாக்கள் அனைவருக்கும் உலகளாவிய நலவாழ்வுத் தலைவர்களுக்கான விருதை அளித்தது. விருதைக் கொண்டாடிய அளவுக்கு நெறியையும் படித்திருக்கலாம்.

காய்ச்சலை வெப்பமானி காட்டும், சோர்வை எது காட்டும், பொய் சொல்லி வீட்டில் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது அடுத்த ஐயம். தலைவலிக்கும் முதுகுவலிக்கும் கருவி இல்லை. ஆனாலும் அரசு ஊழியருக்கு மருத்துவர் சான்று தருகிறார், அலுவலகம் ஏற்கிறது. விமானி தனக்கு அயர்ச்சி என்று எழுதித் தந்தால் அதை ஒரு காரணமாகவே விமானப் போக்குவரத்து விதிகள் எடுத்துக்கொள்கின்றன. அயர்ச்சியைக் கருதியே விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகச் சென்ற ஆண்டு உயர்ந்தது. அங்கே அளவுகோல் கிடைத்துவிட்டது, இங்கே மட்டும் கிடைக்கவில்லை என்பது பொருந்தாது. தொடர்ந்து இரண்டு நாள் வரை பணியாளரின் சொல்லையும், அதற்கு மேல் குடும்ப ஆரோக்கிய மையத்து மருத்துவ அலுவலரின் சான்றையும் ஏற்றால் போதும். துறையின் சொந்த மருத்துவரே பார்த்துச் சொல்லப்போகிறார். ஏமாற்றுவோர் ஒருவர் இருவர் இருக்கமாட்டார்கள் என்று உறுதி தர எந்தச் சங்கத்தாலும் முடியாது. அந்த ஒருவருக்காக 26,000 பேரை நோயோடு நடக்கவிடுவதும் நிர்வாகம் ஆகாது.

ஆஷா படுத்துவிட்டால் வார்டை யார் பார்ப்பது என்பது மெய்யான கேள்வி, அதை நாங்கள் ஒதுக்கவில்லை. இப்போதும் ஒருவர் அறவே முடியாமல் போனால் பக்கத்து வார்டு ஆஷா அவர் வேலையைச் சேர்த்துப் பார்க்கிறார். ஆனால் கைமாற்றாக, காசின்றி, தன் சோர்வையும் கூட்டிக்கொண்டு. இதையே முறைப்படுத்தலாம். அடுத்தடுத்த மூன்று வார்டுகளை ஒரு குழுவாக்கி, விடுப்பு நாளில் பச்சிளங் குழந்தை வருகை, காசநோய் மாத்திரை போல் தள்ளிவைக்க முடியாத வேலையை மட்டும் மற்ற இருவர் ஏற்பது, அதற்குரிய நாள்தொகையை அவர்களுக்குத் தருவது, மற்றதைப் பிறகு பார்ப்பது. கணக்கும் எளிது. மாத மதிப்பூதியம் 8,000 என்றால் நாளுக்கு ஏறத்தாழ 267 ரூபாய். 12 நாளுக்கு 3,200. மாநிலத்தின் 26,000 ஆஷாக்களும் ஒருவர் விடாமல் பன்னிரண்டு நாளையும் எடுத்தால்கூட மாற்றுத் தொகை ஆண்டுக்கு 8 கோடியே 32 லட்சம். நோய் விடுப்பை எல்லோரும் முழுதாக எடுப்பது அரிது, ஆகவே செலவு இதைவிடக் குறைவாகவே நிற்கும். ஒன்றியமா மாநிலமா என்று கோப்பு அலையத் தேவையில்லாத தொகை இது. ஆந்திர அரசு 2025 மார்ச்சில் ஆஷாக்களுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு 180 நாள் ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பு அறிவித்தது. டெல்லி சொல்லட்டும் என்று அம்மாநிலம் காத்திருக்கவில்லை.

சென்ற பிப்ரவரி 10 முதல் தலைமைச் செயலகத்தின் முன் 266 நாள் நடந்த ஆஷாக்களின் இரவு பகல் போராட்டத்தின் முடிவில் மதிப்பூதியம் ஆயிரம் ரூபாய் கூடிற்றே, அதற்குள் இன்னொரு கோரிக்கையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது ஊதியம், இது ஓய்வு. ஊதியம் இரட்டித்தாலும் நாளுக்கு மணி இருபத்துநாலுதான்.

எனவே தாங்கள் பிறப்பிக்கும் ஆணையில் இடம்பெற வேண்டியவை: ஆண்டுக்கு 12 நாள் தொகை குறையாத நோய் விடுப்பு, அதில் பணிச்சோர்வும் காரணமாகச் செல்லும் என்ற தெளிவான வாசகம், அந்நாட்களில் விடுபடும் வேலைக்கான ஊக்கத்தொகை கழிக்கப்படாமை, மாற்றுப் பணியாளருக்கு நாள்தொகை. இதற்கெல்லாம் அடிப்படையாக முதலில் ஒன்றைச் செய்யக் கேட்கிறோம். சென்ற வீடுகளை எழுதும் எங்கள் குறிப்பேட்டில், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், இரவில் செயலியில் செலவான நேரம் என மூன்று பத்திகளைச் சேர்த்து, வரும் பிப்ரவரி முதல் ஒரு மாதம் காஞ்சிரங்குளம் ஊராட்சியின் எல்லா வார்டுகளிலும் பதிய அனுமதி தாருங்கள். ஜே.பி.எச்.என். சிஸ்டர்கள் வாரந்தோறும் சரிபார்த்துக் கையொப்பமிடட்டும். வரும் கணக்கு எங்கள் முறையீட்டுக்குத் துணை நிற்காவிட்டால் 12 நாள் என்ற எண்ணைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசச் சங்கம் தயார். அந்தப் பத்திகள் கொண்ட தாள்களை அச்சிடும் செலவையும் சங்கமே ஏற்கும். ஜனவரி 20-க்குள் அனுமதி கிடைத்தால் அச்சகத்துக்குக் கொடுக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
சங்கப் பொறுப்பாளர்கள்,
காஞ்சிரங்குளம்