கத்தரிக்காயின் மேல் பழி

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில், ரத்தோட்டைப் பக்கமாயினும் எல்கடுவைப் பக்கமாயினும், பச்சைக் குழந்தையின் மேனியில் ஒரு சிவப்புப் பொட்டுத் தோன்றியதும் விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது. குற்றவாளி யாரென்பது முன்பே தீர்மானமாகிவிட்டது, பெற்றவள்தான். கத்தரிக்காய் தின்றாளாம், கருவாடு தின்றாளாம். எல்லாம் கரப்பான் பண்டமாம். தண்டனை பத்தியம். இரத்தசோகையோடு பிள்ளை பெற்றுப் பாலூட்டும் ஒருத்திக்கு இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் செந்தடிப்பும் நடுவே சிறு கொப்புளமும் எழுவது இயல்பு. ஓரிரு வாரங்களில் அவை தாமாகவே மறையும். மூக்கின்மேல் காணும் வெண்பொரிகளும் அவ்வாறே. புட்டத்து நீலப்படலம் அடிபட்ட காயமன்று. ஆசியக் குழந்தைகளிடம் சர்வசாதாரணமான பிறவி நிறம். இவற்றுக்கும் தாயின் சோற்றுக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. மெய்யான கரப்பான் பெரும்பாலும் சில மாதங்கள் கழித்தே தலைகாட்டும். அது பரம்பரையோடு ஒட்டியது, தந்தை வழியிலும் வருவது. எந்தத் தந்தைக்காவது நாம் பத்தியம் விதித்ததுண்டா?

வேர்க்குருவின் கதை வேறு. வியர்வைத் துவாரம் அடைபடுவதால் வருவது அது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், கதவடைத்து, அடுப்புப் புகையின் நடுவே, குளிர் பிடிக்குமென்று குழந்தையைத் துணியால் சுற்றிச் சுற்றி வைத்தால் அது வேர்க்காமல் என்ன செய்யும்? ஒரே பாயில் ஐவர் படுக்குமிடத்தில் சிரங்குப் பூச்சிக்கு வழி காட்டவும் வேண்டுமோ? தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளிடம் போயிற்று. கைமாறியபோதெல்லாம் கணக்குப் புத்தகங்கள் மாறின. எத்தனையோ லயங்களில் காம்பராவின் நீள அகலம் மாறவில்லை. இதைக் கேளாமல் கத்தரிக்காயைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது யாருக்கு வசதி?

படித்த பட்டணத்தாரும் இளைத்தவர்களல்லர். குழந்தையோடு பிறந்த வெண்மெழுகை அழுக்கென்று தேய்த்துக் கழுவி, வாசனைச் சோப்பும் பவுடரும் பூசுகிறார்கள். முதற் குளிப்பை 24 மணி நேரமாவது தள்ளிப்போடுமாறு உலக சுகாதார தாபனம் 2022இல் கூறியிருக்கிறது.

அஞ்சவேண்டியவை வேறு. முதல் நாளிலேயே மேனி மஞ்சளாதல். சீழ்க்கொப்புளத்தோடு காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல். அவ்வேளையில் மருத்துவிச்சிக்கும் வைத்தியசாலைக்கும் ஓடவேண்டும். அதற்கு, சுவசெரிய வண்டி மேட்டு லயம் வரை ஏறுவதற்கு ஒரு பாதை வேண்டும். பத்தியம் கூறும் பெரியவர்கள் அந்தப் பாதையைத் துரையிடம் என்று கேட்கப்போகிறார்கள்?