அசல் இருப்பது அச்சில்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் இருந்த எம்ஜி ஆலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. அத்தோடு எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரின் உற்பத்தியும் முடிந்தது. 1962-இல் தொடங்கி 18 ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான கார் அது. உற்பத்தி நின்ற வண்டிக்கு என்ன நேரும் என்பது பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். சில ஆண்டுகள் கிடங்கில் மிஞ்சிய உதிரி பாகங்கள் கிடைக்கும். பிறகு உடைக்கப்போட்ட வண்டிகளிலிருந்து கழற்றி வாங்க வேண்டும். அதுவும் தீர்ந்த பின், ஒரு சின்ன ரப்பர் வளையம் கிடைக்காமல் முழு வண்டியும் கொட்டகையில் முடங்கிவிடும். எம்ஜிபிக்கு அப்படி நேரவில்லை. ஆலை மூடி எட்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல், பழைய அச்சுகளில் அடித்த புத்தம் புதிய பாடி ஷெல் விற்பனைக்கு வந்தது. இன்று கேஸ்கெட் முதல் முழு உடற்கூடு வரை அந்தக் காரின் பெரும்பாலான பாகங்களைப் புதிதாகவே வாங்கலாம். இது தற்செயலாக நடந்துவிடவில்லை. ஒரு பாகம் அசலா இல்லையா என்பதை அதன் வயதை வைத்து முடிவு செய்யக் கூடாது. எந்த வரைபடத்தின்படி, எந்த அச்சில், எந்தத் தரமான உலோகத்தில் உருவானது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். எம்ஜிபி பிழைத்த விதம் இதைத்தான் காட்டுகிறது.

எம்ஜிபியில் தனி சேஸிஸ் கிடையாது. உடற்கூடுதான் அதன் எலும்புக்கூடும். கூரை இல்லாத ரோட்ஸ்டர் வகை வளையாமல் நிற்பதற்கான வலுவில் பெரும்பங்கை, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ பகுதிதான் தருகிறது. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தடுப்பு, அடியில் மெக்கானிக்குகள் ‘காஸில் ரெயில்’ என்று சொல்லும் மடிப்புத் தகடு எல்லாம் சேர்த்து வெல்டிங் செய்த பெட்டி அது. ஈரமும் சேறும் உள்ளே தங்கினால் உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிவதற்குள் உள்ளே பாதி போயிருக்கும். மலிவான பட்டறை இதற்கு என்ன செய்யும்? அரித்த தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து அனுப்பிவிடும். சரியான வேலை வேறு. முன் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தகடாக நீக்கி, அதே வடிவத்தில் புதியதை வைக்க வேண்டும். முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் கூடு நடுவில் தொய்ந்து, கதவு மூடாமல் போகும். மேலே தகடு ஒட்டிய முதல் வண்டியில் ஆலையிலிருந்து வந்த பழைய இரும்பு அதிகம் மிஞ்சியிருக்கும். முறையாகத் தகடு மாற்றிய இரண்டாவது வண்டியில் அது குறைவு. ஆனால் ஆபிங்டனில் வடிவமைத்தவர்கள் நினைத்தபடி வளைவில் நிற்பதும், மோதினால் தாங்குவதும் இரண்டாவது வண்டிதான். அதையே நான் அசல் என்பேன்.

அந்தத் தகடுகள் கிடைப்பதற்குக் காரணம், எம்ஜியின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்டின் காலத்தில் உருவான பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம். பழைய இரும்பு விலைக்குப் போகாமல் எஞ்சியிருந்த அச்சுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றைக் கொண்டு மீண்டும் தகடு அடித்தது அது. அந்தக் கூடு வெறும் பழுதுக்கு மட்டும் பயன்படவில்லை. 1992-இல் வந்த எம்ஜி ஆர்வி8 என்ற புதிய கார் அதை அடிப்படையாகக் கொண்டே உருவானது. தயாரான சுமார் 2,000 கார்களில் பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. இதற்குள் சட்டமும் வழிவிட்டிருந்தது. மோரிஸ் மரினா காருக்கு எக்ஸாஸ்ட் குழாய் செய்து விற்ற ஆம்ஸ்ட்ராங் பேட்டன்ட்ஸ் நிறுவனத்தின் மீது, எங்கள் வரைபடத்துக்கான பதிப்புரிமையை மீறிவிட்டது என்று பிரிட்டிஷ் லேலண்ட் வழக்குப் போட்டது. அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1986-இல் அந்த வழக்கை ஏற்கவில்லை. காரை வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்த்து ஓட்டும் உரிமை உண்டு, பதிப்புரிமையைக் காட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பழைய கார் உலகம் அதிகம் நன்றி சொல்லாத தீர்ப்பு இது. உதிரி பாகம் செய்யும் சிறு நிறுவனம் நீதிமன்றத்துக்கு அஞ்சித் தொழிலை விட்டுவிடும் நாட்டில், அச்சு இருந்தும் என்ன பயன்?

‘பாகங்களை எல்லாம் மாற்றிய பிறகு அது எப்படி அதே கார் ஆகும்’ என்ற கேள்வி நியாயமானது. லண்டன் உயர் நீதிமன்றத்திலேயே 1990-இல் இது எழுந்தது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் லே மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், அது உண்மையான கார் அல்ல என்று பின்வாங்கியது. பந்தய நாட்களின் இரும்பு அதில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரே காரில்தான் படிப்படியாக நடந்தது, அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, எனவே அந்தப் பெயர் அதற்கே உரியது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இந்தத் தீர்ப்பை இஷ்டப்படி மாற்றுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ச்சியான வரலாறும் சரியான வரையறையும் சேர்ந்தால் புதிய இரும்பு ஒரு காரைப் போலியாக்கிவிடாது என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் தரத்தைப் பற்றியது. மறு தயாரிப்பு என்ற பெயரில் சந்தைக்கு வரும் பாகங்களில் மட்டமானவை ஏராளம். பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு வரும் ரோட்டர் ஆர்ம், கண்டன்சர் இரண்டும் இதில் கெட்ட பெயர் எடுத்தவை. புதிதாகப் போட்ட சில நாட்களிலேயே வண்டி நடுவழியில் நின்றுவிடுவதுண்டு. பிளாஸ்டிக்கில் பித்தளையைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாக மின்சாரம் கசிந்து, பொறி பிளக்குக்குப் போகாமல் தண்டுக்கே இறங்கிவிடுவது ரோட்டரில் அடிக்கடி காணும் கோளாறு. ரப்பர் பாகங்களும் அப்படியே. அறுபதுகளின் புஷ் பல ஆண்டுகள் தாங்கிய இடத்தில் இன்றைய மலிவுப் புஷ் சீக்கிரமே பிய்ந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பாகங்கள் கெட்டுப்போகக் காரணம் அவை புதியவை என்பதா? பழைய பாகத்தைக் கையில் வைத்து வெளித்தோற்றத்தை மட்டும் நகல் எடுத்தவர்களிடம், எந்த ரப்பர், என்ன கடினத்தன்மை, ரிவெட்டுக்கு அடியில் எவ்வளவு தடிமன் என்று சொல்லும் தாள் இல்லை. அது இருக்கும் இடத்தில் தரமும் இருக்கிறது. சால்ஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் இன்றும் செய்யும் எஸ்யூ கார்புரேட்டர் இதற்குச் சாட்சி. ஆகவே தரக் குறைவு என்ற குற்றச்சாட்டு, தயாரிப்பாளர்கள் தங்கள் வரைபடங்களைப் பிறருக்குத் திறந்துவிட வேண்டும் என்ற என் கோரிக்கைக்கே வலுச் சேர்க்கிறது.

வரைபடத்தில் ஏறாத அறிவும் உண்டு. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனுக்குள் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் அது சரியாகப் போகாமல், நீர் புகுந்து துருவேறி, ஒரு நாள் எஃகுத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இதே முன்பக்க அமைப்புதான். அந்த வண்டிகளில் கைவைத்த சென்னை மெக்கானிக்குகளின் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்களிடமிருந்து கேட்டு எழுதி வைப்பதும் உதிரி பாகம் சேர்ப்பதைப் போன்ற வேலைதான்.

சில நூறு பேருக்காக அச்சுகளைப் பராமரிப்பது நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். கட்டுப்படியாகும் வழிகளைக் கண்டுபிடித்த நிறுவனங்கள் இருக்கின்றன. போர்ஷே, 292 மட்டுமே தயாரித்த 959 காரின் கிளட்ச் நெம்புகோலை அச்சே இல்லாமல் 3டி பிரிண்டிங் முறையில் செய்தது. மாஸ்டா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குத் துணிக்கூரையை மட்டுமல்ல, அன்றைய பிரிட்ஜ்ஸ்டோன் டயரையே மறுபடி செய்யவைத்தது. நிசான் ஆர்32 ஜிடி-ஆருக்கும், டொயோட்டா சுப்ராவுக்கும் நின்றுபோன பாகங்களைத் திரும்பக் கொண்டுவந்தன. செய்ய விருப்பமில்லாத நிறுவனம், குறைந்தபட்சம் அச்சையும் வரைபடத்தையும் உரிமக் கட்டணத்துக்குப் பிறரிடம் ஒப்படைக்கட்டும். அச்சை உருக்கி விற்பதில் வரும் காசு அதைவிடப் பெரிதாக இருக்காது.

புதிய கூட்டில் பழைய நம்பரை ஒட்டி ஏமாற்றுவார்கள் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. பிரிட்டனில் 2025 வரை நடைமுறையில் இருந்த விதிப்படி, அதே வரையறையில் செய்த புதிய உடற்கூட்டைப் பொருத்தினாலும், மற்ற முக்கிய பாகங்கள் பழைய காருடையவை என்பதற்கும் கூட்டை வாங்கியதற்கும் ஆதாரம் காட்டினால், பழைய பதிவெண் தொடர இடமிருந்தது. கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், ஆலையின் பதிவேடுகளைப் பார்த்து ஒரு கார் என்று தயாரானது, என்ன நிறம், எந்த இன்ஜின் நம்பர் என்று சான்றிதழ் தருகிறது. மோசடியைத் தடுப்பது இத்தகைய ஆவணங்கள்தான். பழைய துருவைக் கட்டாயமாக்குவதால் மோசடி நிற்காது.

இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி, 50 வயது கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற தனி வரிசைப் பதிவைத் தருகிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜினில் மாற்றம் உள்ளிட்ட பெரிய மறுசீரமைப்பு எதுவும் நடந்திருக்கக் கூடாது என்கிறது அந்த விதி. சொல்லுக்குச் சொல் படித்தால், அரித்த சில்லை வெட்டி முறையாகப் புதியது வைத்தவர் தன் வண்டி தகுதி இழக்குமோ என்று அஞ்ச வேண்டும். மேலே தகடு ஒட்டிப் பட்டி பூசியவருக்கு அந்தக் கவலை இல்லை. நேர்மையான பட்டறைகளை இந்த நிலையில் விட்டுவைக்கக் கூடாது. தயாரிப்பாளரின் வரையறைப்படி செய்த பாகத்தை, ரசீதோடும் வேலையின் புகைப்படங்களோடும் மாற்றியிருந்தால், அது அசல் வடிவத்தைக் கெடுத்ததாகக் கொள்ளப்படாது என்ற ஒரு விளக்கத்தைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த விதியில் சேர்க்க வேண்டும்.