கோடையில் பிள்ளைகள் கையில் எவர் நூல்?

சித்திரை வெயில் ஏறியதும் பள்ளிக் கதவுகள் அடைபடுகின்றன. அடைபடுமுன் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் பலவற்றிலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வந்து சேர்கின்றது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடுமுறையில் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் அது. அதில் பத்து நூல் இருந்தால் பத்தும் ஆங்கில நூல்! ஆங்கில நாட்டு விடுதிப் பள்ளியில் நள்ளிரவில் ஒளிந்து கூடித் தின்பண்டம் தின்னும் சிறுமியரின் கதையை, மாமரத்தடியில் உப்பும் மிளகாயும் தொட்டு மாங்காய் தின்னும் நம் சிறுமி படிக்க வேண்டுமாம். படிக்கட்டும், அதில் தீங்கில்லை. ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் தமிழ்ப் பெற்றோரின் காசில் நடக்கும் பள்ளி, அச் சிறுமியின் ஓய்வுக்கு ஒரேயொரு தமிழ் நூலைக்கூடத் தகுதியுடையதாகக் கருதவில்லையே, அதுதான் தீங்கு. பெற்றோரோ அத் தாளைப் பெருமையோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு நடக்கின்றனர்.

2006ஆம் ஆண்டில் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்க அது வழி செய்தது. நன்று, வரவேற்கத்தக்கது. ஆயினும் சட்டம் வகுப்பறைக்குள்தான் நுழையும், விடுமுறைக்குள் நுழையாது. தேர்வுக்காகக் கட்டாயத்தால் படிக்கும் மொழி தமிழ், திண்ணையில் சாய்ந்துகொண்டு விருப்பத்தால் படிக்கும் மொழி ஆங்கிலம் என்று பதினோரகவைப் பிள்ளையின் நெஞ்சில் ஒரு கோடு விழுந்துவிட்டால், அக் கோட்டைப் பின்னர் எந்தச் சட்டம் அழிக்கும்? மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்ற மொழியைத் தேர்வு முடிந்த மறுநாளே பிள்ளை கைகழுவி விடுகின்றது. ஆண்டில் பத்துத் திங்கள் பள்ளி செய்யும் பணியைக் கோடையின் ஓரிரு திங்கள் கவிழ்த்துவிடக் கூடும் என்பதைத் தமிழாசிரியர்களே இன்னும் முழுமையாக உணர்ந்தாரில்லை.

சரி, தமிழ் நூலே வாங்குவோம் என்று ஒரு தந்தை முனைந்தால் கடையில் அவருக்குக் கிடைப்பதென்ன? ஒருபுறம், ‘ராஜகுமாரன் அரண்யத்தில் பிரவேசித்தான்’ என்னும் பழைய வடமொழிப் புழுதி. மறுபுறம், ‘சம்மர் லீவுல ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா கிளம்பினான்’ என்னும் புதிய ஆங்கிலச் சேறு. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே சாக்கைத்தான் சொல்வார்கள்: பிள்ளைகளுக்கு எளிதாகப் புரிய வேண்டுமாம்! அரசன் மகன் காட்டுக்குள் புகுந்தான் என்பது எந்தப் பிள்ளைக்குப் புரியாது? கோடை விடுமுறையில் நண்பர்களோடு கிளம்பினான் என்பதில் எந்தச் சொல் தொண்டையில் சிக்குகின்றது?

ஆனால், மாற்றாரைத் திட்டித் தீர்ப்பதோடு கடமை முடிந்ததென்று தமிழன்பர்கள் எண்ணிவிடலாகாது. தனித்தமிழ் வீடுகளில் நடப்பதையும் பார்த்தல் வேண்டும். விடுமுறை தொடங்கியதும், தமிழ்ப்பற்று மிக்க தந்தையார் அறநூல் உரையொன்றையோ இலக்கண விளக்கமொன்றையோ எடுத்து மகன்முன் வைக்கின்றார். பாவாணரின் ‘ஒப்பியன் மொழிநூல்’ (1940) தமிழர் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய அரும்பெரு நூல். ஆயின் பதினோரகவையில் அன்று. பிள்ளை இரண்டு பக்கம் புரட்டுவான், கொட்டாவி விடுவான், தந்தையார் அப்பால் சென்றதும் கைப்பேசியை எடுத்துக்கொள்வான். இது பிள்ளையின் குற்றமா?

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பாட்டு உண்டு. கவிமணி பாடினார், வள்ளியப்பா பாடினார், பெருஞ்சித்திரனார் ‘பள்ளிப் பறவைகள்’ தந்தார். வளர்ந்தோர்க்கு ஆராய்ச்சி நூல்கள் அடுக்கடுக்காக உண்டு. இடையில், பதினொன்று முதல் பதின்மூன்று அகவை வரையுள்ள பிள்ளைக்கு, விடிய விடிய விளக்கெரித்துப் படிக்கத் தூண்டும் நல்ல தமிழ்க் கதைநூல் எத்தனை உண்டு? விரல்விட்டு எண்ணலாம். அந்தப் பள்ளத்தில்தான் 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இரண்டு தலைமுறைக்கு மேல் குடியிருந்தது. அதன் நடையில் வடசொல் மிகுதி. அதன் வேதாளமும் விக்கிரமனும் வடநாட்டுச் சரக்கு. எனினும் அது வரும் நாளை எண்ணிப் பிள்ளைகள் காத்திருந்தனர். ஏன்? அதில் கதை இருந்தது! கண்டனக் கூட்டம் நடத்தியதால் ஒரு பிள்ளையும் அதைக் கீழே வைத்ததில்லை. அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை. பள்ளம் மட்டும் அப்படியே இருக்கின்றது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022இல் ‘தேன்சிட்டு’ என்னும் இதழாவது தொடங்கப்பெற்றது. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் உளர்?

இவ்வகவை எளிய அகவை அன்று. தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பையே எண்ணிப் பார்க்கலாம். 1916ஆம் ஆண்டு, பல்லாவரம். வள்ளலாரின் பாட்டொன்றைப் பாடிய மறைமலையடிகள், அதில் ‘தேகம்’ என்னும் வடசொல் நிற்குமிடத்தில் ‘யாக்கை’ என்னும் தென்சொல் நின்றிருந்தால் இன்னும் இனிக்குமே என்றார். கேட்டிருந்தவர் மகளார் நீலாம்பிகை. 1903இல் பிறந்த அவருக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று அகவை. இன்றைய கணக்கில் ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண். இனி வடசொல் விலக்கித் தமிழே வழங்குவோம் என்னும் உறுதி தந்தையோடு அப் பெண்ணுக்கும் பிறந்தது. வேதாசலம் மறைமலை ஆனார். ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. அப் பெண் வளர்ந்து வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசையே அமைத்துத் தந்தார். இலக்கண நூற்பாவைக் கேட்டு எழுந்த உணர்வன்று அது; ஒரு பாட்டைக் கேட்டு, ஒரு சொல்லின் சுவையை நாவில் உணர்ந்து எழுந்தது. சொற்சுவை ஊன்றும் அகவை அதுவே. அவ்வகவையில் எந்தச் சொற்கள் கதையின் வழியே உள்ளே போகின்றனவோ, அவையே வாழ்நாள் முழுதும் வாயில் வரும்.

அவ்வாறாயின், கதைக்கு எங்கே போவது? புறநானூற்றின் நாற்பத்தாறாம் பாட்டைப் பார்க்க. கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் சிறுபிள்ளைகளைப் பிடித்துவந்து, யானைக் காலில் இடறிக் கொல்ல மன்றத்தில் நிறுத்துகின்றான். முன்பின் அறியாத கூட்டத்தைக் கண்டு மருண்டு அழுத பிள்ளைகள், யானையைக் கண்டதும் அதனைப் பார்க்கும் விருப்பத்தில் அழுகையை மறந்துவிடுகின்றனர். தம்மைக் கொல்ல வந்த யானை என்று அவர்களுக்குத் தெரியாது! கோவூர்கிழார் என்னும் புலவர் வாளேந்தவில்லை. எழுந்து நின்று நாலு சொல் சொல்லி அப் பிள்ளைகளுக்காக வாதாடுகின்றார். இந் நிகழ்ச்சியை நாற்பது பக்கத்தில் படத்தோடு எழுதித் தந்தால் எந்தப் பிள்ளை கீழே வைக்கும்? யானை, மன்றம், அழுகை, அச்சம், அருள் என்று இக் கதைக்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் பிள்ளைக்கு முன்பே தெரிந்த தமிழ்ச்சொற்கள்தாமே! ஒருவரையொருவர் காணாமலே நட்புக்கொண்ட கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் இருக்கின்றனர். நெல்லிக்கனியும் அதியமானும் இருக்கின்றனர். இவற்றைப் பாடநூலில் ஐந்து வரிக் குறிப்பாகச் சுருக்கி, கீழே ‘கோடிட்ட இடம் நிரப்புக’ என்று போட்டுக் கொன்றுவைத்திருக்கின்றோம்.

கதை மட்டும் போதாது. சில பிள்ளைகளுக்குக் கதையைவிட விண்மீனும் வண்டும் பொறியும் பிடிக்கும். அன்னோர்க்குப் பெ. தூரன் முதன்மை ஆசிரியராயிருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ உண்டு. முதல் தொகுதி வந்த 1968இல் மாந்தன் நிலவில் கால்வைக்கவில்லை. பத்தாம் தொகுதி 1976இல் வந்தது. ஆகவே செய்திகளிற் பல பழையன. அதனால் என்ன? எது மாறியது என்று பிள்ளையையே தேடச் சொல்லலாம். சொற்களும் மாறியுள்ளன. பாட்டனார் படித்தது பௌதிகம். பேரன் படிப்பது இயற்பியல். முடியவே முடியாது என்று எள்ளி நகைத்தவர் இருந்த காலத்திற்குப் பிறகுதான் இம் மாற்றம் நிகழ்ந்தது.

முழுத் தூய்மை இல்லாத நூல்களை அடியோடு விலக்க வேண்டுமா என்று சிலர் வினவுவர். வேண்டுவதில்லை. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தலைப்பிலேயே வடசொல்லோடு நிற்கின்றது. ஆயினும், 1880இல் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார் ‘சிந்தாமணி படித்ததுண்டா?’ என்று கேட்ட கேள்வியால் இளம் ஆசிரியர் ஒருவரின் செருக்கு கலைந்து, 1887இல் சீவகசிந்தாமணி அச்சேறிய வரலாற்றை எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை படிக்கத்தான் வேண்டும். அப் பகுதியை மட்டும் எடுத்துக் கொடுத்து, கரிக்கோலையும் கையில் கொடுத்து, வடசொல்லைக் கண்டவிடத்து ஓரத்தில் தமிழ்ச்சொல் எழுதச் சொன்னால் போதும். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே செய்வர்.

நூலைத் தேர்வோர் அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டா. முதல் மூன்று பக்கத்தை உரக்கப் படித்தல் வேண்டும். நா இடறினால் பிள்ளைக்கும் இடறும். நான்காம் பக்கத்தில் என்ன நடக்கும் என்னும் ஆவல் படிக்கின்ற பெரியவருக்கே எழவில்லையெனில், எவ்வளவு தூய தமிழாயினும் அந் நூலை அலமாரியிலேயே விட்டுவிடலாம். இரண்டு நூலை வைத்துப் பிள்ளையையே ஒன்றை எடுக்கச் சொல்வதும் நன்று.

வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்துகின்றோம். ஊரிலிருக்கும் கிளை நூலகத்துக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றவர் எத்தனை பேர்? நூலகரிடம் நல்ல தமிழ்ச் சிறுவர் நூல் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர்? தமிழ் மன்றங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பட்டிமன்றங்களில் ஒன்றை நிறுத்தி, அச் செலவில் கோவூர்கிழார் கதையை அச்சிடலாம். எழுதத் தெரிந்த தமிழாசிரியர்க்குக் கோடையில் பள்ளி வேலையும் இல்லை.